ஏழு சன்னல், ஒரு கதவு

தூலிக்கி மெழுகுவர்த்தி ஏற்றி
மூடிய சன்னலுக்கு முன் பிடித்தாள்.
சுடர் இடுப்பொடிந்து வீட்டுக்குள் சாய்ந்தது.
அவள் பெயரிலேயே காற்று இருக்கிறது, ஃபின்னிய மொழியில்;
அதற்காக வீட்டுக்குள்ளும் வேண்டுமா?

தண்டர் பேயில் அக்டோபர்.
ஏரியிலிருந்து வருவது இன்னும் குளிர் இல்லை,
குளிரின் முன்பணம்.
போன ஜனவரியில் முன்கதவு சட்டத்தோடு உறைந்துபோக
சமையலறைச் சன்னல் வழியே குதித்து
வேலைக்குப் போனாள்,
நகரப் பேருந்து ஓட்டுநரின் சீருடையில்.

முதலில் வந்தவன் மூன்று மணி நேரம் இருந்தான்.
வாயில் விற்க வந்தவனுக்கு
வாயில்தான் எல்லாம்.
பெட்டியிலிருந்து ஒரு சன்னல் துண்டை எடுத்து
பின்னால் விளக்கை எரியவிட்டு,
தொட்டுப் பாருங்கள், சூடே இல்லை!
இருபத்தொன்பதாயிரம் என்றான்.
முகம் பார்த்து இருபத்துநான்கு.
மேலாளரிடம் போனில் பேசிவிட்டுப் பதினெட்டு,
இன்றிரவே கையெழுத்திட்டால் மட்டும்.
விடிந்தால் பதினோராயிரம் கூடுகிற கண்ணாடி
என்ன கண்ணாடியோ என்று
அவன் காபிக் கோப்பையை எடுத்துக் கழுவப் போட்டாள்.

இரண்டாவது ஆள் வரவே இல்லை.
படம் அனுப்புங்கள் போதும் என்றான்.
அரை மணியில் விலை வந்தது, மிகக் குறைவு.
பாதிப் பணம் முன்னதாக, ரொக்கமாக.
முகவரி கேட்டாள்.
தபால் பெட்டி எண் ஒன்று தந்தான்.
தபால் பெட்டிக்கு ஏது சன்னல்.

மூன்றாவதாக ஒர்னெல்லா,
முழங்கால் தேய்ந்த கால்சராய், காதில் பென்சில்.
ஒவ்வொரு சட்டத்தையும் மேல், நடு, கீழ் என அளந்தாள்,
பிறகு குறுக்காக.
வீடு வடக்கே அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்றாள்,
ஏதோ அதன் பிறந்தநாளைச் சொல்வதுபோல.
வரவேற்பறைச் சன்னலின் அடிக்கட்டையில்
திருப்புளியைக் குத்தினாள்,
ஊறிய ரொட்டிக்குள் போல இறங்கியது.
"எவ்வளவு மக்கியிருக்கிறது என்று
பிரித்தால்தான் தெரியும்.
இப்போது சொல்லும் எந்த எண்ணும் பொய்."
ஒன்பது வேண்டாம், ஏழு போதும்;
மாடியில் இரண்டும் நல்ல மரம்,
விளிம்பில் பசை அடைத்தால் இன்னும் பத்து வருடம்.

தூலிக்கிக்குச் சந்தேகம் வந்தது.
குறைத்து விற்பது புது வித்தையோ?

முன்பு செய்த வீடுகளைக் கேட்டாள்.
பதினான்கு முகவரி வந்தது.
அதில் ஆறு, அவள் பேருந்துத் தடத்திலேயே.

அந்த வாரம் முழுக்க
சிவப்பு விளக்குகளில் தலை திருப்பிப் பார்த்தாள்:
மூலைப் பொருத்தம், மழைத் தகடு,
இரு கண்ணாடிக்கும் நடுவே மூட்டம் ஏதும்.
ஒரு முறை பச்சை விழுந்தும் நகரவில்லை,
பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

சனிக்கிழமை ஒரு வீட்டில் மணி அடித்தாள்.
ஒஸ்டாப் ஹ்ரின்சுக், பனியனோடு, கையில் கரண்டி.
"அவர்களா? மூன்று வாரம் தாமதம்.
பின்கதவை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டார்கள்,
திறந்தால் குளிர்பெட்டியில் இடிக்கும்.
நான் கத்திய கத்தல், எனக்கே வெட்கம்."

பிறகு?

"மறுநாள் காலை ஏழுக்கு வந்தார்கள்.
மாற்றினார்கள். பில் இல்லை.
இரண்டு குளிர்காலம் கழித்துக் கீல் கிறீச்சிட்டது.
அதற்கும் வந்தார்கள்."
உள்ளே ஏதோ பொங்கி அடுப்பில் சீறியது.
அவர் கதவைச் சாத்தினார், ஒரு விரலால்.
பூட்டின் நாக்கு
குழியைத் தேடாமல் போய் உட்கார்ந்தது.

தூலிக்கி படியிலேயே நின்று
அந்தச் சின்னச் சத்தத்தை
மனதுக்குள் இன்னொரு முறை சாத்திப் பார்த்தாள்.

திங்கட்கிழமை கையெழுத்து.
முன்பணம் பத்தில் ஒன்று, மக்கிய மரத்துக்குத் தனிக்கணக்கு,
முடிக்கும் தேதி நவம்பர் பத்து.
அவள் பேனாவை வாங்கித் தேதியை அடித்துவிட்டு
டிசம்பர் ஒன்று என்று எழுதினாள்.
ஒர்னெல்லா காது வரை சிவந்தாள்:
"ஹ்ரின்சுக் வீட்டுக்குப் போனீர்களா?"