கம்பம்மெட்டு ஜீப்

காலை நாலே முக்காலுக்கு ஜக்கையனின் ஜீப்
புதுப்பட்டி விலக்கில் ஆளேற்றும்.
ஏறுகிறவள் எவளானாலும் கதவோரத்துக் கருவியில்
அட்டையைக் காட்டியாக வேண்டும்.
ஒரு பீப்.
அன்றைய கூலிக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

மூன்று மாதம் தாங்கும் பேட்டரி என்று
எழுதிக் கொடுத்திருந்தேன், கையெழுத்துப் போட்டு.
ஒன்பதாம் நாள் செத்தது.
அன்று மாலைவரை ஏலக்காய் எடுத்த பதினான்கு பேரும்
மலையேறவே இல்லை என்றது
சேற்றுக்குழி எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டர்.

கம்பத்தில் லாட்ஜ் எடுத்தேன்.
மின்விசிறிக்குக் கீழே மீட்டரை விரித்து அளந்தேன்.
அட்டையைத் தேடி அலை வீசும்போது நூறு மில்லி ஆம்பியர்.
தூங்கும்போது பத்து மைக்ரோ,
பத்தாயிரத்தில் ஒரு பங்கு.
ஆக, என் பிழைப்பு
ஒரு பெட்டியைத் தூங்கவைப்பது.

அரை நொடிக்கொரு தரம்
துளியூண்டு அலை விட்டுப் பார்.
காற்று முன்போலவே இருந்தால் மறுபடி படு.
கனத்திருந்தால் எழு.
இவ்வளவுதான் அதற்குச் சொன்னது.
பச்சை விளக்கைப் பிடுங்கினேன்.
பீப்பைப் பாதியாக நறுக்கினேன்.
மேசைமேல் கணக்குப் போட்டால் நூற்றிருபது நாள் வந்தது.
ஜீப்பில் மாட்டினால் மறுபடி ஒன்பது.

பத்தாம் நாள் நானும் ஏறினேன், மடியில் லேப்டாப்போடு.
அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு.
யாரும் அட்டை காட்டவில்லை.
கருவி விழித்தது.
அடுத்த வளைவு. விழித்தது.
செக்போஸ்ட்டில் ஜீப் நின்றபோதுதான் தூங்கியது.
அங்கே மலையாளத்தில் யாரோ டார்ச் அடித்து
எங்கள் தலைகளை எண்ணினார்கள்.

கிளம்பியதும் பார்த்தேன்.
கருவிக்குப் பக்கத்துக் கொக்கியில் ஒரு தூக்குவாளி.
வண்டி சாயச் சாய அருகில் வருவதும் விலகுவதுமாக.
எவர்சில்வர்.
இத்தனை நாளும் மலை நெடுக
ஆள் வந்தாச்சா, ஆள் வந்தாச்சா என்று
சோற்றைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது பாவி.

யார் வாளி இது என்றேன்.
சிலம்பாயிக்கு முகம் சுருங்கிவிட்டது.
"பழைய சோறும் மோர்மிளகாயும்தான் சார்,
வேணும்னா தெறந்து பாருங்க."

வாளி அவள் மடிக்குப் போனது.
கருவியின் முதுகில் ஃபெரைட் தாள் ஒட்டினேன், ஜீப்பின் தகரம் குழப்பாதிருக்க.
எவ்வளவு கனத்தால் எழுவது என்ற எண்ணை மட்டும்
வைக்கத் தெரியாமல் இருந்தேன்.
எதிரே பவுன்தாய், அடுத்தவள் தோளில் வாய் பிளந்து தூக்கம்.
ஹாரனுக்கு எழவில்லை, பள்ளத்துக்கு எழவில்லை.
சேற்றுக்குழித் திருப்பத்தில்
யாரும் கூப்பிடாமல் எழுந்து செருப்பைத் தேடினாள்.
எண்ணை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

இப்போது இருபத்து மூன்றாம் நாள்.
பேட்டரி அசையவில்லை.
அந்தப் பதினான்கு கூலிக்கு
மூன்று கடிதம் எழுதிவிட்டேன்; பரிசீலனையில் இருக்கிறதாம்.

ஒன்று பாக்கி.
எல்லோரும் அட்டையை இரண்டு தரம் வைக்கிறார்கள்,
சிலம்பாயி மூன்று தரம்.
நான் நறுக்கிய பீப்
இன்ஜின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்பதில்லை.
ஒருமுறை கேட்காமல் போன நாள் என்ன ஆனதென்று
அவர்களுக்குத் தெரியும்.

இன்றிரவு பீப்பைப் பழையபடி நீளமாக்குகிறேன்.
கணக்கில் நாலு நாள் குறையும்.
குறையட்டும்.