ஒரு முறை இழுத்தால் நலம்

பூச்சோங் சாலை ஆறாங்கட்டையில்
கொண்டோவுக்கும் கார் கழுவும் கடைக்கும் நடுவே
கடலுக்கு வழியில்லாத ஓர் ஏரி.
அடியில் டத்தோ வீரபத்திரனின் உல்லாசப் படகு.
வங்கிக்கு ஒரு பக்க அறிக்கை வேண்டும்:
தூக்கலாமா, விட்டுவிடலாமா.
நாளுக்கு அறுநூறு வெள்ளி. காற்று உருளை என் செலவு.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து
நள்ளிரவு தாண்டி லாரியில் வந்ததாம்.
மூங்கில் கழிகளால் மின்கம்பிகளைத் தூக்கிப் பிடித்தார்களாம்,
அது தலை குனியாமல் வர.
கார் கழுவும் மரியசூசை சொன்னான்:
'ஒன்பது ஏக்கர் தண்ணி, சார்.
மூணாம் கியர் போடுறதுக்குள்ள அக்கரை வந்துடும்.'
வீடு வாங்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு
சுற்றிச் சுற்றி வந்ததாம்,
யாரோ நேர்ந்துகொண்ட கடனைத் தீர்ப்பதுபோல.

விற்றது பதினொரு வீடு.
பிறகு மின்சாரத்தை வெட்டினார்கள்.
நீரிறைக்கும் பம்பு நின்றது. நவம்பர் மழை.
ஆறு மாதச் சம்பளம் வராத காவலாளி தில்பகதூர்
இரண்டு இரவு பெயிண்ட் டப்பாவால் இறைத்தான்.
மூன்றாம் இரவு
நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

மேலே ஷம்சுல் கயிற்றைப் பிடித்திருக்கிறான்.
ஒரு முறை இழுத்தால் நலம்.
இரண்டு முறை என்றால் இன்னும் விடு.
நான்கு என்றால் எதையும் கேட்காதே, தூக்கு.

பத்து மீட்டர் பச்சை.
அப்புறம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் குளிர்.
அப்புறம் நிறமென்று ஒன்றுமில்லை,
விளக்குக்கு முன்னால் ஒரு முழம் உலகம்.
இருபத்தெட்டில் கைக்குக் கிடைத்தது ஏணி.
பிறகு படகின் பெயர்.
தடவித்தான் படித்தேன்.
எழுத்துகள் உதிர்ந்து மிஞ்சியது
ஒரு பெண் பெயரின் பின்பாதி.
மனைவியா மகளா, பின்பாதி சொல்லவில்லை.

அறைக்குள் ஒரு தோமான் மீன்
கரோக்கே பெட்டியின் மேல் குடியிருந்தது.
வாடகை கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.
நான் விட்ட மூச்சு கூரையில் போய் ஒட்டி
பாதரசத் தட்டாய் விரிந்தது.
மூன்று வருஷத்தில் அந்தப் படகுக்குக் கிடைத்த முதல் காற்று.
எத்தனை மூச்சு விட்டால் இது எழும்?
கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.
பதினெட்டு டன். மூச்சுக்கு இரண்டு லிட்டர்.
ஒன்பதாயிரம் மூச்சு.
ஓட்டையில்லாத படகாக இருந்தால்
பத்து மணி நேரம் இங்கே சும்மா படுத்துக்கிடந்தால் போதும்.
உருளையில் மிச்சம் பதினெட்டு நிமிடம்.

படகு தரையில் உட்காரவில்லை.
அடியில் கையை விட்டுத் துழாவினேன்:
வார்ப்பிரும்பு.
ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு ஒரு வாளி.
அடுத்ததும் வாளி. அதற்கடுத்ததும். சங்கிலியாய்க் கோத்து.

ஈயக்கப்பல்.
தான் மிதக்க வேண்டிய தண்ணீரைத்
தானே தோண்டிக்கொண்டு போன கப்பல்.
முன்னால் மண்ணைத் தின்று பின்னால் துப்பி
ஏரியையும் கூடவே இழுத்துக்கொண்டு நகர்ந்தது.
அது நின்ற இடத்தில் ஏரியும் நின்றது.
வாளிகள் இன்னும் வாய் திறந்தபடி.
அவற்றின் மேல் இந்த வெள்ளைப் படகு,
வீடு மாறி வந்து தூங்கிவிட்ட விருந்தாளி.

கயிறு அசைந்தது. ஒரு முறை.
பதிலுக்கு இழுக்க மறந்திருந்தேன்.
மறுபடியும் அசைந்தது, கொஞ்சம் பலமாக.
இழுத்தேன்.

அறிக்கையில் எழுதினேன்:
தூக்கும் செலவு படகின் விலையைத் தாண்டும்.
அதற்கும் கீழே இருப்பதை எழுதப்
படிவத்தில் கட்டமில்லை.

இரவு மூக்கைச் சிந்தினால் வெள்ளைச் சேறு.
கழுவுதொட்டியில் மெல்லிய கோடாய் இறங்கிப் படிந்தது.
குழாயை மூடிவிட்டு
மினுங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன்.
'என்ன, இவ்வளவு நேரம்?' படுக்கையறையிலிருந்து பரிமளா.
வாய் வரவில்லை.
சுவரில் ஒரு முறை தட்டினேன்.