பக்கம் 1,317

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
தல்காவானோ துறைமுகத்தின் மேல்
மீன்மாவு ஆலைப் புகை
தெற்குக் காற்றில் கவிழ்ந்து படுத்திருந்தது.
கப்பல்தள விளிம்பில் கடற்சிங்கங்கள்
வழக்கம்போல் இடத்துக்கு அடித்துக்கொண்டன,
மறைக்க ஒன்றுமில்லாத குரலில்.

இருபதாயிரம் பக்கம் கசிந்தது என்றார்கள்.
மதியத்துக்குள் அது பத்தொன்பதாயிரம் ஆனது.
குறைந்த ஆயிரத்தில் சிலர்
நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

சாந்தியாகோவில் ஓர் அட்மிரல்
மூன்று கொடிகளுக்கு முன்னால் நின்று வாசித்தார்:
"தாள்கள் பழையவை. கவலைக்கு இடமில்லை."
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப்
பார்த்திருக்கிறேன்.
எழுபது மீட்டர் நீளப் பூசணிக்காயை
அன்றுதான் பார்த்தேன்.

நான் ஒலி அளப்பவள்.
ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழாம் பக்கத்தின் அடியில்
எறும்பளவு எழுத்தில் இருக்கிறது:
அளந்தவர், ஒடிலா காரிமான்.
சிலியைத் தாண்டியிராதவள் நான்.
என் கையெழுத்து இந்நேரம்
எத்தனை தேசத்து மேசைகளில் கிடக்கிறதோ.

எங்கள் நீர்மூழ்கி எந்த வேகத்தில் முனகும்,
எந்த ஆழத்தில் மூச்சை அடக்கும்,
சமையலறைக் குளிர்பெட்டி எத்தனை ஹெர்ட்ஸில் உறுமும்,
எல்லாம் அந்தப் பக்கத்தில்.
சரியாக அளந்திருந்தேன். அதுதான் குற்றம்.

முதலில் எங்கள் அலமாரிகளைப் பூட்டினார்கள்,
பிறகு எங்களை.
உளவுத்துறை இளைஞர்கள் இருவர்
என் தேநீர்க் கோப்பையைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள்.
யாரிடம் சொன்னாய், யாரிடம் சொன்னாய்.
சுவருக்குக் காது உண்டென்று நம்புகிறவர்கள்.
கடலுக்குத்தான் ஐயா காது, என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஓய்வூதியம் மறுக்கப்பட்ட வரைவாளர் ஒருவரின் பெயர்
நடைவழிகளில் முணுமுணுக்கப்பட்டது.
பிறகு அதுவும் நின்றது.
சட்டியில் இருந்ததுதானே
அகப்பையில் வந்தது.

ஒன்பதாம் நாள் இரவு
கமாண்டர் பால்தோமேரோ உயோவா
ஈரக் கோட்டோடு என் அறைக்கு வந்தார்.
உட்காரவில்லை.
"போன தாளைத் திரும்ப வாங்க முடியாது, ஒடிலா.
பொய்யாக்க முடியுமா?"

பதினோரு வாரம் உலர்துறையில்.
சுழல்விசிறியைக் கழற்றிப் புதியது பூட்டினோம்.
எந்திரங்களின் காலடியில் ரப்பர் மாற்றினோம்.
சத்தமே இல்லாதிருந்த ஓர் இடத்தில்
வேண்டுமென்றே
ஒரு சின்ன இருமலை வைத்தோம்.
பெற்ற பிள்ளைக்குத் தொண்டையை மாற்றுவதுபோல் இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

சமையற்காரர் எவரிஸ்தோ மட்டும் சண்டைக்கு வந்தார்.
அவர் படுக்கை பழைய குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்.
ஒன்பது வருடம் அந்த உறுமலில் தூங்கியவர்.
"புதுசு செத்த பிணம் மாதிரி நிற்கிறது.
வெண்ணெய் கல்லாகிறது.
எனக்குக் கண் மூடவில்லை."
அட்மிரலின் அறிக்கையில் இல்லாத இழப்பு இது ஒன்றுதான்.
எந்தப் படிவத்தில் எழுதுவதென்று
எனக்கும் தெரியவில்லை.

சோதனை ஓட்டம்.
கிரிகினா தீவுக்கு அப்பால், இழுவைப் படகில்,
நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிவிட்டுக்
காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தேன்.
கீழே ஏதோ போயிற்று.
யாரென்று தெரியவில்லை.
இருபது வருடம் கேட்ட குரலை
இருளில் தேடித் தேடி, காணாமல்,
முதலில் சிரித்தேன்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
பக்கம் 1,317
வரிக்கு வரி பொய்யாகியிருந்தது.

அப்போது
டொக். டொக்.
சின்ன இடைவெளி. டொக்.

பானை விளிம்பில் அகப்பையைத் தட்டி உதறும் சத்தம்.
அப்படித்தான் தட்டுவார் எவரிஸ்தோ,
இரண்டு, நிறுத்தி, ஒன்று.
மீன் சூப்பாக இருக்கும். புதன்கிழமை.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது:
'அடையாளம் காணப்பட்ட ஒலி.'
பேனா மூடியைக் கடித்தபடி
கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தேன்.
பிறகு
கடற்சிங்கம் என்று எழுதி
கையெழுத்திட்டேன்.