ஆளில்லாத வண்டியின் ஆள்

முதலில் இருக்கையைக் குடைந்தார்கள்.
பஞ்சு, சுருள்கம்பி,
யாரோ தவறவிட்ட ஒரு சீப்பு.
அந்தக் குழிக்குள் என்னை உட்காரவைத்து
மேலே பழைய தோலுறையை இழுத்து மூடினார்கள்.
கண்ணுக்கு நேரே ஒரு கிழிசல்,
தபால்பெட்டி வாய் அளவு.
எனக்குச் சாலை அவ்வளவுதான்.

கறுப்பு லான்சியா.
ரோவிகோவில் ஒரு நோட்டரியின் விதவை விற்றது.
விலையே பேசவில்லையாம் அவள்.
சாவி கொடுத்த கையை
முன்றானைத் துணியில் துடைத்துக்கொண்டாளாம்.
சொன்னவன் தயாரிப்பு உதவியாளன் ஃபுல்வியோ.
படம் ஓடுமென்றால் அவன் எதையும் சொல்வான்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
இடித்துவிட்டு நிற்காமல் போனவனை
அவன் வண்டியே துரத்துகிறது.
பிறகு அவன் தம்பியை,
பிறகு ஊர்ப் பாதிரியாரை.
மூன்றாவது ரீலுக்கு மேல்
காரணம் யாரும் கேட்கவில்லை.

டிசம்பர். போ ஆற்றுச் சமவெளி முழுக்கப் பனிமூட்டம்,
நீட்டிய கை தொலைந்துபோகும் பனி.
பாப்லர் மரங்கள் ஒவ்வொன்றாய் வந்து நின்று மறையும்.
டைரக்டர் தல்லாகோஸ்தா ஒலிபெருக்கியில் கத்துவார்:
"நேவியோ, தோள் தெரிகிறது!
இன்னும் கொஞ்சம் இல்லாமல் இரு!"
இருந்தேன்.
ஒருமுறை தும்மிவிட்டேன்,
அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.
பேய் தும்மக்கூடாது.

அதற்கு முன்பு சர்க்கரைக்கிழங்கு லாரி ஓட்டியவன் நான்.
வழியில் நாலு பேர் கையாட்டுவார்கள்.
இங்கே என் மூச்சு என் முகத்திலேயே மோதித் திரும்பும்.
முழங்காலில் எஞ்சின் சூடு.
வயிற்றுக்குள் இருந்துகொண்டே
ஸ்டியரிங் பிடித்த குழந்தை மாதிரி.

ஷாட்டுக்கு இவ்வளவு என்று கூலி.
சிகரெட் அட்டையின் உள்பக்கம் கோடு போட்டு வைத்தேன்.
பதினொன்று.
கூலிக்காரன் கணக்கு தப்பாது.

அடுத்த அக்டோபரில் அட்ரியாவுக்கு வந்தது படம்.
ஈரிதே பூசணி விதை வாங்கிக்கொண்டாள்.
டைட்டிலில் எல்லார் பெயரும் வந்தது,
ரொட்டி கொடுத்த கடைக்காரர் பெயர்கூட.
பேய்க்குப் பெயர் போட்டால்
எவன் பயப்படுவான் என்று
முன்பே சொல்லியிருந்தான் ஃபுல்வியோ.

காலி இருக்கை வரும்போதெல்லாம் அரங்கு அலறியது.
என் மனைவி மட்டும் சிரித்தாள்.
"தொப்பை, அதோ, தொப்பை" என்று
விலாவில் இடித்தாள்.
நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
பத்து முடிந்து
மறுபடி சுண்டுவிரல்.
பதினொன்று.
கோட்டை எடுத்து மாட்டப் போனேன்.

படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலம்.
பனி இல்லை, ஒரு இழைகூட.
பலகைகள் ஒவ்வொன்றாகத் தடதடக்க
மெல்ல வருகிறது லான்சியா.
ஒரு நாய் எழுந்து வழிவிடுகிறது.
நடுப்பாலத்தில் நின்று
விளக்கை அணைத்துக்கொள்கிறது,
யாரோ வரட்டும் என்பதுபோல.

பாலத்துக்கு எங்களுக்கு அனுமதியே கிடைக்கவில்லை.

குடைந்த இருக்கையில்லை அது.
உப்பலான, முழு இருக்கை.
அதன்மேல் ஒரு அமுக்கம்,
ஆள் உட்கார்ந்தால் விழுமே, அப்படி.
ஈரிதே சிரிக்கவில்லை.
விதையைக் கடித்த வாய் கடித்தபடி இருந்தது.

ஃபுல்வியோவுக்குப் போன் போட்டேன்.
வேறு யூனிட் எடுத்திருக்கும் என்றான்.
எந்த யூனிட் என்றேன்.
ரோமிலிருந்து இன்னொரு அழைப்பு வருகிறது என்றான்.

நவம்பரில் பாக்கிப் பணம் வந்தது,
பன்னிரண்டு ஷாட்டுக்கு.
திருப்பி அனுப்பவில்லை.
பதினொன்றுக்குச் சமையலறைத் தரை போட்டோம்.
மிச்சம் ஒரு கூலி
அலமாரியில், காபி டப்பாவில் இருக்கிறது.
அந்தச் சீப்பும் அதில்தான்.

வேலை பார்த்தது யாரானாலும்
வந்து கேட்டால்
கொடுத்துவிட வேண்டும்.