உதிரி பெல்ட்

முதலில் வந்தது நாற்றம்.
அப்புறம் ஒரு படபடப்பு,
ஈரத் துணியை யாரோ இரும்பில் அறைவது போல.
பிறகு என்ஜின் மட்டும் அலறியது,
சக்கரங்கள் கேளாச் செவியோடு நின்றன.

ஜூலை. இரவு ஒன்றேகால்.
ஃபின்மார்க்கில் வெயில் இன்னும் இறங்கவில்லை.
சதுப்பின் நடுவே நான், நாலு சக்கர வண்டி,
கணக்கில் வராத கொசுக்கள்.
குன்றின் மேல் அறுநூறு பனிமான்கள்
என்னைக் கேட்காமல்
போய்க்கொண்டிருந்தன.

தப்பு என்னுடையது. தெரியும்.
சேற்றில் லோ கியர் என்று
டாங்கி மேலேயே மஞ்சள் எழுத்து.
பின்னால் இரண்டு மூட்டை உப்பு, கூடாரம்,
அதைவிடக் கனமான அவசரம்.
ஹை கியரில் ஏறினேன்.
ஓடையில் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது.
அடியில் இருக்கும் ஒரு சின்ன அடைப்பான்,
திருகினால் வடிந்துவிடும்.
நிற்கவில்லை.

மூடிக்குப் பத்து போல்ட்.
ஒன்றன் இடத்தில் போன வருஷத்துக் கம்பி.
உள்ளே கறுப்புப் பஞ்சு.
கப்பிக்குப் பின்னால் சுற்றிய இழைகளை
நகத்தால், கத்தி முனையால், கடைசியில் பல்லால்.
ஒரு நூல் மிஞ்சினாலும்
அடுத்த பெல்ட்டையும் தின்னும்.
கப்பி முகத்தைக் காய்ந்த துணியால் துடைத்தேன்,
என் உள்ளாடைதான் காய்ந்திருந்தது.
எண்ணெய்க் கை படக்கூடாது.

இருக்கைக்கு அடியில் உதிரி.
புதுசு, பெட்டிகூடப் பிரிக்காதது என்று
நினைத்திருந்தேன்.
பெட்டி என்னுடையதுதான்.
உள்ளே இருந்தது
அக்கா புருஷன் நில்லாஸின் பழையது:
ஓரம் கண்ணாடியாய் மின்ன, அகலம் தேய்ந்து,
பாம்புச் சட்டை போல.

ஒரு நிமிஷம் எதுவும் செய்யவில்லை.
கொசுக்கள் செய்தன.

பின் கப்பியை விரித்து,
அம்புக்குறி சுழலும் பக்கம் பார்க்க,
அதையே மாட்டினேன்.
சக்கரம் பிடிக்காமல் என்ஜினை ஓடவிட்டேன்.
வார் மெல்ல மேலேறிப் பள்ளத்தில் உட்கார்ந்தது,
வேண்டா விருந்தாளி.

லோ கியர். நடக்கும் வேகம்.
அரை மணிக்கொரு முறை நின்று
மூடியைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல்காரி நெற்றி.
சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோர்த்தேன்.
நன்றாக வந்தது,
சில வசைகளில் எதுகைகூட இருந்தது.

ஆறு மணிக்கு வேலி.
மான்கள் உள்ளே; மாரிட்டும் பையன்களும்
ஓட்டி முடித்திருந்தார்கள்.
ஓரமாக நில்லாஸின் வண்டி,
மூடி கழன்று கிடக்க,
கப்பியெல்லாம் கிரீஸ்.
என் புதிய பெல்ட் அதற்குள்
நார் நாராய்.

"பழக்காமலே இழுத்துட்டேன்," என்றான்.
"என்னைக் கட்டி ஊருக்கு இழுத்துப் போயேன்."

இழுவை பெல்ட்டைத் தின்னும் என்றேன்.

"என் பெல்ட்தானே அது?"

கோர்த்து வைத்தது ஒன்றும் தேவைப்படவில்லை.
கயிற்றைச் சுருட்டி உப்பு மூட்டைக்குக் கீழே செருகினேன்.
பதினேழு கிலோமீட்டர்.
நில்லாஸ் பின்னால் நடந்தான்.
நானும் அதே வேகம்தான்.