முப்பத்தெட்டு வெள்ளி

வீராவை நிறுத்திய பிறகும்
பாக்கியநாதன் உடனே இறங்கவில்லை.
"பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும்மா.
ஒரு தடவ பாத்துடு.
ஞாயித்துக்கெழம மகன் கிள்ளான்லருந்து வந்து
எடுத்துட்டுப் போறான்."

குலை ஏற்றிய லாரியொன்று
பீடோர் மண்ணில் என் பட்டறையை உலுக்கிப் போனது.
தகரம் அடங்கும்வரை காத்திருந்து கேட்டேன்:
பெடல் அமுங்கிப் போகிறதா,
அமுங்கவே மறுக்கிறதா?
அமுங்கினால் எண்ணெயைப் பார்ப்பேன்,
கசிவைத் தேடுவேன்.
மறுத்தால் கதை வேறு.

"மறுக்குது" என்றார்,
பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

இன்ஜினை அணைத்து ஐந்து தடவை மிதித்தேன்.
உள்ளே மிச்சமிருந்த துணை தீர்ந்து
பெடல் இறுகியது. அது முறைதான்.
காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினேன்.
இந்த நொடி, பெடல் தானாக
ஒரு விரற்கடை கீழே போக வேண்டும்.
போகவில்லை.

பூஸ்டர் செத்தது என்று வாய்வரை வந்துவிட்டது.
ஈப்போவில் பழைய சாமான் கடையில்
முந்நூற்றைம்பதுக்குக் குறைய மாட்டான்.
சொல்லியிருப்பேன்,
இன்ஜின் நின்ற இடத்தில்
லேசாக நொண்டியது காதில் விழாதிருந்தால்.

ஆ கியோங்கிடம் வெல்டிங்கை நிறுத்தச் சொன்னேன்.
காற்றாடியையும் அணைத்தேன்.
அப்போது கேட்டது:
தீர்ந்த கிளாஸில் ஸ்ட்ரா போட்டு
யாரோ இன்னும் உறிஞ்சுகிற சத்தம்.
கருப்புக் குழாயின் அடியில்,
கண்ணுக்குப் படாத பக்கத்தில் தடவினேன்.
என் விரலை அது பிடித்து இழுத்தது.

எலி.
இரண்டு பல் வைத்த இடம், அரிசியளவு.
பால்மரமெல்லாம் சாய்த்து
செம்பனை நட்டுவிட்ட ஊரில்
அதற்கு மட்டும் இன்னும்
ரப்பர் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

அவருக்கு விளக்கினேன்:
இன்ஜின் உறிஞ்சி உறிஞ்சி
இந்தச் சட்டிக்குள் ஒன்றுமில்லாமல் செய்துவைக்கும்.
நீங்கள் மிதிக்கும்போது
வெளிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து
உங்களோடு சேர்ந்து தள்ளும்.
ஓட்டை விழுந்தால் சட்டி காலியாகாது.
அப்புறம் தள்ளுவதெல்லாம் நீங்கள் மட்டும்தான்.

அவர் குழாயைப் பார்க்கவில்லை.
"அப்ப, காலு இல்லியா?"
"எந்தக் காலு?"

வலது செருப்பைக் கழற்றினார்.
இரண்டு விரல் இருந்த இடத்தில்
வழவழவென்று தோல்.
"தெலுக் இந்தான்ல எடுத்தது.
சர்க்கரை மேல ஏறி
இப்ப மொத்தக் காலும் செத்துட்டு வருதுன்னு நெனச்சேன்.
மூணு வாரம் ரெண்டு காலையும் வச்சு மிதிச்சேன்.
பாலத்து எறக்கத்துல ஒரு நாள்
கைபிரேக்கப் புடிச்சேன்.
யாருகிட்டயும் சொல்லல.
கார வித்துடலாம்னு மட்டும் சொன்னேன்."

நான் ஒன்றும் சொல்லாமல்
வால்வைக் கழற்றி ஊதினேன்.
ஒரு முனையில் மூச்சு போனது;
மறுமுனையில் என் கன்னம்தான் உப்பியது.
வால்வு நல்லது.
தண்ணீர்க் குழாய் போட்டால் சப்பிப்போகும்,
அதற்கென்றே உள்ள தடித்த குழாய்,
பழையதன் நீளத்துக்கு அளந்து வெட்டி
இரண்டு கிளிப் முறுக்கினேன்.

"இப்ப வச்சுப் பாருங்க."
வலது காலை மட்டும் வைத்தார்.
சாவியைத் திருப்பினார்.
பெடல் இறங்கியது.
அவர் காலை எடுத்தார், வைத்தார்,
எடுத்தார், வைத்தார்.
ஆ கியோங் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இந்த ஆள் என்ன செய்கிறான் என்று பார்த்தான்.

முப்பத்தெட்டு வெள்ளி.
ஐம்பதாகக் கொடுத்தார்.
மீதியை எண்ணி அவர் சட்டைப்பையில் வைத்தேன்;
போனை எடுத்து மகன் பெயர்வரை போய்
திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

சமிக்ஞை விளக்கருகில்
வீரா துள்ளி நின்றது.
பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரன் ஏசினான்.
மூன்று வாரம் கல்லை மிதித்துப் பழகிய கால்
தன் பலம் தெரியாமல் மிதித்துவிட்டது.