நூறு மில்லிநொடிக்குக் கீழே

பிப்ரவரி. தார்த்துவில் ஆறு உறைந்து கிடக்கிறது.
ஒலி புகாத சின்ன அறையில்
தாடை வைக்கும் தாங்கியை
ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன்.
அடுத்தவர் இருபத்தேழாம் எண்.
பெயர் கேட்கக் கூடாது என்பது விதி.
ஈரக் கோட்டைக் கழற்றும்போதே அவராகச் சொன்னார்:
ஹெய்னோ, ஏழாம் தடத்தில் பேருந்து ஓட்டுகிறேன்.
போன வாரமும் வந்தவர்தான். இன்று இரண்டாம் சுற்று.

திரையில் புள்ளி தெரிந்ததும் அழுத்த வேண்டும்,
தெரியும் முன் அழுத்தக் கூடாது.
அவ்வளவுதான் சோதனை.
இதற்குத்தான் எனக்கு நாலு வருட உதவித்தொகை.

கண்ணில் பட்டது விரலுக்கு வந்து சேர
நூறு மில்லிநொடியாவது ஆகும்.
அதற்குள் அழுத்தியவர் பார்த்து அழுத்தவில்லை;
நிரலில் ஒரு வரி அதைத் தூக்கி எறிந்துவிடும்.
ஹெய்னோவின் நானூறில் அறுபத்தொன்று போயிற்று.
முந்திரிக்கொட்டை என்று
குறிப்பேட்டில் எழுதவில்லை,
எழுத நினைத்தேன்.

குல்லாயை மாட்டிக்கொண்டு அவர் சொன்னார்:
'உங்கள் பதினோராவது புள்ளி தாமதம்.
பிறகு ரெண்டு அடுத்தடுத்து வரும்,
ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கூட்டம் மாதிரி.
போன வாரமும் அப்படித்தானே?'

சிரித்து வழியனுப்பினேன்.

இரவு ஒரு மணி.
ஆறிப்போன கோதுமைக் கஞ்சி ஒரு கையில்.
அக்டோபரில் ஒத்திகைக்காக
நானே எழுதி, நானே அழிக்க மறந்த ஒற்றை எண்
நிரலின் நாலாவது வரியில் குந்தியிருந்தது.
தாயம் உருட்டுவதாக நினைத்திருந்தேன்.
இருபத்தேழு பேருக்கும் ஒரே தாயம்,
இரண்டு சுற்றிலும்.
'பயிற்சியால் கூர்மையாகும் கவனம்' —
மூன்றாம் அத்தியாயத்தில் அழகாக ஏறும் அந்தக் கோடு
விரல்கள் ரகசியமாய்ச் செய்த மனப்பாடம்.
மற்றவர்களுக்குத் தாம் கற்றதே தெரியவில்லை.
தெரிந்த ஒருவரைத்தான் பிழை என்று எறிந்திருக்கிறேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில் சொல்லி முடித்தேன்.
கெர்து பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.
'மறுபடி எடுக்க எத்தனை மாதம்?' என்றார் பேராசிரியர்.
கூட்டக் குறிப்பில் ஒரு வரி:
நிரலில் பிழை கண்டறியப்பட்டது.
யாரால் என்று சொல்ல
அந்த வாக்கியத்தில் இருக்கை இல்லை.

மார்ச் ஆரம்பத்தில் ஒரு நாள்
ஏழாம் தடத்தில் ஏறினேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்,
தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டது
நான் மட்டும்தான், அவர் இல்லை.

ஆய்வகத்துக்கு முந்தின வளைவில்
இறங்குவதற்கான பொத்தானை அழுத்தினேன்.
பேருந்து
ஏற்கெனவே வேகம் குறைத்துக்கொண்டிருந்தது.